கண் இமையில் திரும்பத் திரும்ப வரும் கட்டி... பயாப்ஸி எதற்கு? கத்தி பட்டால் புற்றுநோய் பரவுமா? முழு விளக்கம்

இமையில் சின்னதா ஒரு கட்டி வந்தால் நம்ம வீடுகளில் உடனே கிடைக்கும் பதில் இதுதான்: "சூட்டுக் கட்டி. நாமக்கட்டியை உரசிப் போடு, ரெண்டு நாள்ல அமுங்கிடும்." பெரும்பாலான நேரம் அது அமுங்கியும் விடும்.

ஆனால் அமுங்காமல் இருந்தால்? அமுங்கிய கட்டி அதே இடத்தில் மறுபடியும் வந்தால்?

உதாரணத்துக்கு, புதுச்சேரி குருசுக்குப்பத்தில் மீன் விற்கும் 60 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மேல் இமையில் கட்டி. ஒருமுறை மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். இன்னொரு முறை ஒரு கிளினிக்கில் கீறி எடுத்தார்கள். மூன்று மாதத்தில் அதே இடத்தில் திரும்பவும் கட்டி. இந்த முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் சொல்கிறார், "கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்மா. பயாப்ஸி."

அந்த ஒரு வார்த்தையில் குடும்பமே ஆடிப்போகிறது. "பயாப்ஸின்னாலே கேன்சர்தானே?", "கண்ணுகிட்ட கத்தி வெச்சா பார்வை போயிடாதா?", "கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே?" இப்படிக் கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். பயத்தில் அடுத்த தேதிக்குப் போகாமல் விட்டுவிடுபவர்களும் உண்டு. ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் கேள்விகளுக்கான பதில்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பயாப்ஸி என்றால் என்ன?

சந்தேகம் உள்ள இடத்திலிருந்து சின்னத் துண்டு சதையை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான் பயாப்ஸி. தமிழில் திசுப் பரிசோதனை. பேச்சுவழக்கில் 'சதை டெஸ்ட்'.

இந்தச் சொல்லுக்கும் புதுச்சேரிக்கும் மறைமுகமா ஒரு தொடர்பு இருக்கிறது. 1879இல் இந்தச் சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் எர்னஸ்ட் பெஸ்னியே என்ற பிரெஞ்சு தோல் மருத்துவர். கிரேக்க மொழியில் 'பயோஸ்' என்றால் உயிர், 'ஆப்சிஸ்' என்றால் பார்வை. உயிருள்ள உடலிலிருந்து எடுத்துப் பார்ப்பது என்ற அர்த்தத்தில் உருவான சொல்.

முக்கியமான விஷயம்: பயாப்ஸி என்பது ஒரு கேள்விதான், தீர்ப்பு கிடையாது. "இது புற்றுநோயா?" என்பது மட்டுமல்ல, "இது புற்றுநோய் இல்லைதானே?" என்று உறுதி செய்துகொள்ளவும் இதே டெஸ்ட்தான். இமையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகள்.

கண்ணைச் சுற்றி என்னென்ன தோல் புற்றுநோய் வரும்?

முக்கியமாக மூன்று வகை.

முதலாவது, பேசல் செல் கார்சினோமா. தோலின் மேலடுக்கில், அதன் அடிப்பகுதியில் உள்ள செல்களில் ஆரம்பிப்பது. கீழ் இமையிலும், மூக்கை ஒட்டிய கண்ணின் உள் மூலையிலும் அதிகம் வரும். மெதுவாக வளரும். உடலின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். ஆனால் அப்படியே விட்டால் சுற்றியுள்ள இடத்தை அரித்துக்கொண்டே போகும். இதை 1827இல் முதன்முதலில் விவரித்து எழுதியவர் அயர்லாந்தின் டப்ளினைச் சேர்ந்த ஆர்தர் ஜேக்கப். இமைகளில் வரும் வித்தியாசமான புண் என்றுதான் அவர் அதைப் பற்றி எழுதினார்.

இரண்டாவது, ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. செதில் செதிலாக, ஆறாத புண்ணாகத் தெரியும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இதற்கு முக்கியக் காரணம். முந்தையதைவிட வேகமாக வளரும். நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவும் வாய்ப்பும் அதிகம்.

மூன்றாவது, செபேஷியஸ் கிளாண்ட் கார்சினோமா. நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமானது இதுதான். இமையின் உள்ளே வரிசையாக மெய்போமியன் சுரப்பிகள் இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துபோகாமல் இருக்க எண்ணெய் மாதிரி ஒன்றைச் சுரப்பது இவற்றின் வேலை. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. இந்தச் சுரப்பிகள் மேல் இமையில் அதிகம் என்பதால், இந்தப் புற்றுநோயும் மேல் இமையில் அதிகம்.

இவை தவிர மெலனோமா, மெர்க்கல் செல் கார்சினோமா போன்றவையும் உண்டு. ஆனால் அவை அபூர்வம்.

இந்தியாவில் மட்டும் ஏன் கூடுதல் கவனம் தேவை?

மேற்கத்திய நாடுகளில் இமைப் புற்றுநோய் என்றாலே பெரும்பாலும் பேசல் செல் வகைதான். நம்ம நாட்டுக் கணக்கு வேறு.

ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையில், இமைப் புற்றுநோய் வந்த 536 இந்திய நோயாளிகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2019இல் வெளியானது. அதில் 53 சதவீதம் பேருக்கு இருந்தது செபேஷியஸ் கிளாண்ட் கார்சினோமா. பேசல் செல் 24 சதவீதம். ஸ்குவாமஸ் செல் 18 சதவீதம். சிக்கலான கேஸ்களை மற்ற ஊர்களிலிருந்து அனுப்பிவைக்கும் பெரிய மருத்துவமனை அது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் மேற்கத்திய நாடுகளில் அரிதாகப் பார்க்கப்படும் ஒரு வகை இங்கே பாதிக்கு மேல் இருக்கிறது என்பது சாதாரண விஷயம் அல்ல.

இந்த வகைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பார்ப்பதற்கு அச்சு அசல் சாதாரண கண் கட்டி மாதிரியே இருக்கும். சில சமயம் கட்டியே தெரியாமல், ஒரு பக்க இமை மட்டும் சிவந்து, தடித்து, 'கண்ணு வலி' மாதிரி மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். அதனால் நோயாளியும் ஏமாறுவார், சில நேரம் டாக்டரும் ஏமாறுவார். வெளியிலிருந்து பார்த்து மட்டும் கண்டுபிடிப்பது கஷ்டம். பயாப்ஸி இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. "தோல் கேன்சர் எல்லாம் வெள்ளைக்காரங்களுக்குத்தான் வரும்." கருப்பு நிறத் தோலுக்கு வெயிலிலிருந்து ஓரளவு இயற்கைப் பாதுகாப்பு இருப்பது உண்மை. ஆனால் அது முழுப் பாதுகாப்பு கிடையாது. அதோடு, செபேஷியஸ் வகைக்கு வெயிலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. இந்தியர்களுக்கு வரும் பேசல் செல் கட்டி கருப்பாக இருப்பதும் சகஜம். அதைப் பார்த்து மச்சம் என்றே பல வருஷம் விட்டுவிடுவார்கள்.

சாதாரண கட்டியா, சந்தேகக் கட்டியா? எப்படிப் பிரிப்பது?

சாதாரண கண் கட்டி சட்டென்று வரும், வலிக்கும், சிவக்கும், சில நாட்களில் உடைந்தோ அமுங்கியோ போய்விடும். கலேசியான் எனப்படும் வலியில்லாத கட்டி, எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொள்வதால் வருவது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சில வாரங்களில் பெரும்பாலும் குறைந்துவிடும்.

கீழே சொல்லும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் கண் டாக்டரைப் பார்ப்பது நல்லது:

• ஒரு முறை எடுத்த கட்டி அதே இடத்தில் மறுபடியும் வருவது. குறிப்பாக 40, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு.
• கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் இமை முடி கொட்டிப்போவது.
• இமை ஓரம் அரித்த மாதிரி, வடிவம் மாறித் தெரிவது.
• ஆறுவது மாதிரி ஆறி, பொருக்கு உதிர்ந்து, மறுபடியும் ரத்தம் கசியும் புண்.
• மருந்து போட்டும் மாதக்கணக்கில் சரியாகாத, ஒரே ஒரு கண்ணில் மட்டும் இருக்கும் சிவப்பு, இமைத் தடிப்பு.
• மச்சம் பெரிதாவது, நிறம் மாறுவது.
• காதுக்கு முன்னால் அல்லது தாடைக்குக் கீழே புதிதாக நெறிகட்டுவது.

'வலிக்கலையே, அப்புறம் என்ன?' என்று நினைக்க வேண்டாம். இமைப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லை என்பது நல்ல சான்றிதழ் அல்ல.

ஒரு சின்ன யோசனை. உங்கள் போனில் பழைய போட்டோக்கள் இருக்கும்தானே? போன வருஷம் ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த இடத்தில் அப்போது கட்டி இருந்ததா, எவ்வளவு இருந்தது, இமை முடி இருந்ததா என்று தெரியும். அந்தப் படத்தை டாக்டரிடமும் காட்டுங்கள். எவ்வளவு வேகமாக மாறியிருக்கிறது என்பது அவருக்கு உதவியான தகவல்.

ஸ்கேன் எடுத்தால் போதாதா?

போதாது. சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள், கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, கண் குழிக்குள்ளோ எலும்புக்கோ பரவியிருக்கிறதா என்று காட்டும். ரத்தப் பரிசோதனை உடல்நிலையைச் சொல்லும். ஆனால் அந்தக் கட்டியில் இருக்கும் செல் எந்த வகை என்பதை இரண்டாலும் சொல்ல முடியாது. வகை தெரியாமல் சிகிச்சையைத் திட்டமிட முடியாது. எவ்வளவு அகலம் வெட்ட வேண்டும், நிணநீர்க் கட்டிகளைச் சோதிக்க வேண்டுமா, எத்தனை வருஷம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என எல்லாமே அந்த வகையை வைத்துத்தான் முடிவாகும்.

இமையில் என்னென்ன வகை பயாப்ஸி செய்வார்கள்?

இமைத் தோல் நம் உடலிலேயே மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உள்ளே பாதுகாக்க வேண்டிய கண் இருக்கிறது. அதனால் எந்த வகை பயாப்ஸி என்பதை இடத்தையும் சந்தேகத்தையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

இன்சிஷனல்: பெரிய கட்டியிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுப்பது. முடிந்தவரை கட்டியும் நல்ல தோலும் சேரும் ஓரத்திலிருந்து எடுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

எக்சிஷனல்: கட்டி சின்னதாக இருந்தால் முழுசாகவே எடுத்து அனுப்பிவிடுவது.

பஞ்ச்: வட்டமான சின்னக் கத்தியால், 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுக்குத் துளைத்து எடுப்பது. இமை ஓரத்தில் அல்லாமல் அதைச் சுற்றியுள்ள தோலுக்கு இது வசதி.

ஷேவ்: மேலாகச் சீவி எடுப்பது. மேலோட்டமான கட்டிகளுக்குச் சரி. செபேஷியஸ் வகை ஆழத்தில் இருக்கும் என்பதால் அதற்கு இது போதாமல் போகலாம்.

முழு ஆழ பயாப்ஸி: இமையின் வெளித்தோல் முதல் உட்புறச் சவ்வு வரை ஆப்பு வடிவத்தில் சின்னத் துண்டு எடுப்பது. செபேஷியஸ் வகை சந்தேகம் இருந்தால் இது தேவைப்படலாம்.

மேப் பயாப்ஸி: செபேஷியஸ் புற்றுநோய் சில நேரம் ஒரே கட்டியாக நிற்காமல், கண்ணின் வெண்படலத்தைச் சுற்றி ஆங்காங்கே பரவும். எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க, பல இடங்களிலிருந்து துளித் துளியாக எடுத்து, எந்தத் துண்டு எந்த இடம் என்று குறித்து அனுப்புவார்கள். வரைபடம் போடுவது மாதிரி.

நெறிகட்டியிருந்தால் அதிலிருந்து மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார்கள். இதை 'எஃப்.என்.ஏ.சி.' என்பார்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும்? வலிக்குமா?

பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். முழு மயக்கம் தேவைப்படாது. படுக்கையில் சேராமல் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

முதலில் அந்த இடத்தை போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சின்னத் துண்டு எடுத்த இடம் சீக்கிரம் ஆறிவிடும். பிறகு அறுவை சிகிச்சைக்குப் போகும்போது சரியான இடம் எது என்று குழப்பம் வரக்கூடாதே, அதற்காக. பிறகு கண்ணில் சொட்டு மருந்து. அடுத்து இமையில் ஊசி. இந்த ஊசி போடும் சில விநாடிகள்தான் சுருக்கென்று எரிச்சலாக இருக்கும். அதற்குப் பிறகு தொடுவது தெரியும், வலி தெரியாது. தேவைப்பட்டால் கருவிழியின் மேல் பாதுகாப்புக் கவசம் ஒன்றை வைப்பார்கள். கத்தி கண்ணில் பட்டுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

சதையை எடுப்பது சில நிமிட வேலை. தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல். பிறகு ஆயின்மென்ட் தடவிக் கட்டு.

வீட்டுக்கு வந்த பிறகு இமை வீங்கும். கண்ணைச் சுற்றி நீலம் பாரிக்கும். கண்ணாடியில் பார்த்துப் பயப்பட வேண்டாம், சில நாளில் மாறிவிடும். தையல் இருந்தால் பொதுவாக ஒரு வாரத்துக்குள் பிரிப்பார்கள். கையால் தேய்க்கக் கூடாது. குளத்து நீர், கடல் நீர் படக் கூடாது. மீன் வேலை, கடல் வேலை செய்பவர்கள் எத்தனை நாள் கழித்து வேலைக்குப் போகலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ரத்தம் நிற்காமல் வந்தால், வலி கூடிக்கொண்டே போனால், சீழ் வைத்தால், பார்வை மங்கினால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், சர்க்கரை, பிரஷர், மருந்து அலர்ஜி. இதய மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டுமா என்பதை டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும்.

"கத்தி பட்டா பரவிடும்" என்பது உண்மையா?

பலரையும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பும் பயம் இதுதான்.

இமைத் தோல் புற்றுநோயில் முறையாகச் செய்யப்படும் பயாப்ஸியால் நோய் பரவிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. உலகம் முழுக்க இந்த நோயை உறுதி செய்யும் முறையே இதுதான்.

அப்புறம் ஏன் இந்தப் பேச்சு வந்தது? பலர் கட்டி முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். டெஸ்ட் எடுக்கும்போதே நோய் பரவியிருக்கும். அடுத்த சில மாதங்களில் நிலைமை மோசமாகும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு "கத்தி வெச்சதுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு" என்று தோன்றும். உண்மையில் கத்தி வைப்பதற்கு முன்பே நோய் பரவ ஆரம்பித்திருக்கும்.

ஆனால் ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். குழந்தைகளுக்குக் கண்ணின் உள்ளே விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயில், விழிக்குள் ஊசி விட்டு சதை எடுப்பதை டாக்டர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அங்கே நோய் வெளியே பரவும் ஆபத்து இருப்பதால், ஸ்கேன் மற்றும் கண் பரிசோதனை மூலமே கண்டறிவார்கள். அது விழிக்குள் வரும் நோய். நாம் பேசுவது விழிக்கு வெளியே உள்ள இமைத் தோல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

லேபில் என்ன செய்கிறார்கள்? ரிசல்ட் வர ஏன் நாளாகிறது?

எடுத்த சதையை ஃபார்மலின் திரவத்தில் போட்டு அனுப்புவார்கள். சதை கெட்டுப்போகாமல் இருக்க இது. பிறகு மெழுகில் பதித்து, மைக்ரான் கணக்கில் மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, பேத்தாலஜி டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். இதற்கே சில நாட்கள் ஆகும். வகையில் சந்தேகம் இருந்தால் 'இம்யூனோ' எனப்படும் சிறப்புச் சாயப் பரிசோதனைகள் செய்வார்கள். அதற்கு இன்னும் சில நாள் கூடும். ரிசல்ட் தாமதமானாலே கெட்ட செய்தி என்று அர்த்தம் இல்லை.

செபேஷியஸ் வகையில் கொழுப்பைச் சாயமேற்றிப் பார்க்கும் ஒரு டெஸ்ட் உண்டு. வழக்கமான மெழுகு முறையில் கொழுப்பு கரைந்துவிடும் என்பதால், அதற்கு ஃபார்மலினில் போடாத புதிய சதை தேவைப்படலாம். அதனால்தான் என்ன சந்தேகம் என்பதை டாக்டர் முன்கூட்டியே லேபுக்கு எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது. "இமைக் கட்டி" என்று மட்டும் எழுதுவதைவிட, "மூன்றாவது முறை வந்த கட்டி, இமை முடி இல்லை" என்று எழுதி அனுப்பினால் பார்ப்பவரின் கவனமே மாறும்.

ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

பினைன்: புற்றுநோய் இல்லை.
மாலிக்னன்ட், கார்சினோமா: புற்றுநோய்.
இன் சிட்டு: புற்றுநோய் செல்கள் மேலடுக்கிலேயே இருக்கின்றன, ஆழத்துக்கு இறங்கவில்லை.
வெல், மாடரேட்லி, பூர்லி டிஃபரன்ஷியேட்டட்: செல்கள் இயல்பான செல்லிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற அளவு. 'பூர்லி' என்றால் மாற்றம் அதிகம், கூடுதல் கவனம் தேவை.
மார்ஜின் ஃப்ரீ: எடுத்த துண்டின் ஓரத்தில் நோய் இல்லை. மார்ஜின் இன்வால்வ்டு என்றால் ஓரத்திலும் நோய் இருக்கிறது, இன்னும் எடுக்க வேண்டியிருக்கலாம்.

ஒருவேளை 'புற்றுநோய் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தும், கட்டி வளர்ந்துகொண்டே போனால்? அப்போது விட்டுவிடக் கூடாது. எடுத்த துண்டு சின்னதாகவோ, சரியான இடத்திலிருந்து வராததாகவோ இருக்கலாம். மறுபடியும் பயாப்ஸி செய்ய டாக்டர் சொன்னால் அது அவருடைய தவறு என்று அர்த்தம் அல்ல. அதுதான் சரியான நடைமுறை.

செபேஷியஸ் வகையை வேறு வகை என்று மைக்ராஸ்கோப்பில் தவறாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. சந்தேகம் இருந்தால், ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் லேபிலிருந்து கேட்டு வாங்கி இன்னொரு பேத்தாலஜி டாக்டரிடம் காட்டலாம். இதற்காக மறுபடியும் சதை எடுக்க வேண்டியதில்லை.

எடுத்த கட்டியைத் தூக்கிப் போடக் கூடாது... ஏன்?

நம் உதாரணத்தில் வந்த அந்த அம்மாவிடம் திரும்பப் போவோம். முதல் முறை கிளினிக்கில் கீறி எடுத்த கட்டி என்ன ஆனது? குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். அன்றைக்கே அதை லேபுக்கு அனுப்பியிருந்தால், மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

சின்ன வயசுக்காரருக்கு முதல் முறை வரும் ஒவ்வொரு கண் கட்டிக்கும் இது தேவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் திரும்ப வந்த கட்டி, வயதானவருக்கு வந்த கட்டி, கீறும்போது வழக்கம்போல் இல்லாத கட்டி என்றால், "டாக்டர், இதை டெஸ்ட்டுக்கு அனுப்புவீங்களா?" என்று நீங்களே கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

புற்றுநோய் என்று வந்தால் அடுத்து என்ன?

ஆரம்பக் கட்டம் என்றால், கட்டியைச் சுற்றி சில மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பதுதான் முக்கியச் சிகிச்சை. ஆபரேஷன் நடக்கும்போதே ஓரங்களை உறைய வைத்து லேபில் பார்க்கும் 'ஃப்ரோஸன் செக்‌ஷன்' முறை உண்டு. ஓரம் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இமையைத் தைத்துச் சீரமைப்பார்கள். அடுக்கடுக்காக எடுத்து அப்போதைக்கப்போதே பார்க்கும் 'மோஸ்' சிகிச்சை முறையும் இருக்கிறது. அமெரிக்க டாக்டர் ஃபிரெடெரிக் மோஸ் 1930களில் உருவாக்கியது. நோயின் வகையையும் அளவையும் பொறுத்து கதிர்வீச்சு, கீமோ, சிறப்பு மருந்துகள் தேவைப்படலாம்.

முற்றிய கட்டத்தில் நோய் கண் குழிக்குள் இறங்கிவிட்டால், உயிரைக் காப்பாற்ற கண்ணையும் சுற்றியுள்ள திசுக்களையும் சேர்த்து எடுக்க வேண்டிய நிலை வரலாம். பார்வை நன்றாக இருக்கும் கண்ணைக்கூட. பயாப்ஸியைத் தள்ளிப்போடுவதன் விலை இதுதான். "கண்ணுகிட்ட கத்தி வெச்சா கண்ணு போயிடும்" என்று பயந்து தள்ளிப்போட்டால், கடைசியில் அந்தக் கண்ணே போகலாம்.

செபேஷியஸ் வகை வந்தவர்களில் சிலருக்கு மியூர்-டோரே என்ற பரம்பரைக் குறைபாடு இருக்கலாம். அவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் போன்றவை வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

புதுச்சேரியில் எங்கே போகலாம்?

கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் கண், தோல், பேத்தாலஜி, புற்றுநோய் என எல்லாத் துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் இது. 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இயங்குகிறது. நகருக்குள்ளேயே அரசு பொது மருத்துவமனையும் இருக்கிறது. முதல் பரிசோதனைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கண் டாக்டரே போதும். சந்தேகம் என்றால் அவரே மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்.

இமை சம்பந்தப்பட்ட ஆபரேஷன்களில் தனிப் பயிற்சி பெற்றவர்களை 'ஓக்குலோபிளாஸ்டி' டாக்டர்கள் என்பார்கள். பெரிய மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு எது என்று கேட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

செலவை நினைத்துத் தயங்குபவர்கள், ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் திட்டம் அது.

கடலுக்குப் போறவங்க கவனத்துக்கு

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரி கடலோரத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. தண்ணீரிலும் மணலிலும் பட்டுத் திரும்பியும் முகத்தில் அடிக்கும். வருஷக்கணக்கில் படும் இந்தப் புற ஊதாக் கதிர்கள் இமைத் தோலைப் பாதிக்கும்.

அகலமான விளிம்பு வைத்த தொப்பி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கூலிங் கிளாஸ் இரண்டும் உதவும். கூலிங் கிளாஸ் வாங்கும்போது கருப்பாக இருந்தால் போதும் என்று வாங்காதீர்கள். 'யு.வி. 400' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மீன் விற்கும் இடத்தில் குடையோ, தலையில் இழுத்துப் போட்ட முந்தானையோகூட ஓரளவு பாதுகாப்புதான்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. உங்களுக்கு என்ன சந்தேகம்? எதற்காக இந்த பயாப்ஸி?
2. கட்டியில் ஒரு பகுதியை எடுப்பீர்களா, முழுசாகவா?
3. தழும்பு விழுமா? இமை வடிவம் மாறுமா?
4. ரிசல்ட் எத்தனை நாளில் வரும்? யாரிடம் வாங்க வேண்டும்?
5. புற்றுநோய் இல்லை என்று வந்தாலும் மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும்?

நான்காவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். டெஸ்ட் எடுத்துவிட்டு, கட்டி அமுங்கின மாதிரி தெரிந்ததும், ரிப்போர்ட்டை வாங்கவே போகாமல் விட்டால் டெஸ்ட் எடுத்தும் பிரயோஜனம் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால்: கண் கட்டி எல்லாமே புற்றுநோய் இல்லை. ஆனால் திரும்பி வரும் கட்டியை 'சூட்டுக் கட்டி' என்று விடக் கூடாது. வீட்டில் அம்மாவோ அப்பாவோ, "கண்ணு ஒண்ணும் பண்ணலடா, நல்லாத்தான் தெரியுது" என்று சொன்னாலும், ஒருமுறை கிட்டே போய் அந்த இமையைப் பாருங்கள். முடி இருக்கிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

(இது பொதுவான விழிப்புணர்வுக்கான தகவல் மட்டுமே. உங்கள் அறிகுறிகளுக்கான ஆலோசனையை மருத்துவரிடம் நேரில் பெறவும்.)